பீரோவில் இருக்கும் ஃபைலும் ராத்திரி டியூட்டி அக்காவும்

கேள்வி: திருவொற்றியூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பெண் குழந்தைகள் ஹோமில் சில மாதங்களுக்கு முன் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். 30 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹோமின் நடைமுறைகள் எல்லாம் எங்கள் செயலாளர் ஐயா 2017-இல் ஆங்கிலத்தில் எழுதி வைத்த ஒரு தடித்த ஃபைலில் இருக்கின்றன. அதற்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது, புது வழிகாட்டுதல் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. சீக்கிரம் இன்ஸ்பெக்‌ஷன் வரும் என்கிறார்கள். இன்னொரு ஹோமின் ஃபைலை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னார். ஐயா எழுதியதைத் தொட்டால் அவர் மனம் வருந்துவாரோ என்றும் பயம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்னொரு ஹோமின் ஃபைலை வாங்கிப் பெயரை மாற்றும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். அந்த ஃபைலில் அவர்களுடைய கட்டடம் இருக்கும், அவர்களுடைய ஆட்கள் இருப்பார்கள், உங்களிடம் இல்லாத ஒரு மனநல ஆலோசகர் பக்கத்துக்குப் பக்கம் வந்துபோவார். ஆய்வுக்கு வருகிறவர்கள் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. ஹோம்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும். அவர்கள் சமையல்கார அம்மாவிடம் பேசலாம், பிள்ளைகளிடம் பேசியே ஆக வேண்டும். ஃபைல் ஒன்று சொல்லி, பிள்ளை வேறொன்று சொன்னால் அது ஃபைலே இல்லாததைவிட மோசம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பீரோவை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். இன்று ராத்திரி டியூட்டியில் இருக்கும் அக்காவோடு பத்து நிமிடம் உட்காருங்கள். சாவகாசமாக மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பிள்ளை வந்து ‘அந்த அங்கிள் என்னைத் தொட்டார்’ என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சாயங்காலம் ஆறரை ஆகியும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளை திரும்பவில்லை என்றால் யாருக்கு போன் போடுவீர்கள்? ஒரு பிள்ளையின் அப்பா குடித்துவிட்டு வந்து ‘என் பொண்ணை இப்பவே அனுப்பு’ என்று கேட்டை உடைக்கிற மாதிரி தட்டினால்? அவர் சொல்லும் பதில்தான் உங்கள் ஹோமில் இன்று நடப்பில் இருக்கும் நடைமுறை. பீரோவில் என்ன எழுதியிருந்தாலும் சரி, ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பிள்ளைக்கு நடக்கப்போவது அந்த அக்கா சொன்னதுதான். சட்டம் மாறிய அன்று உங்கள் நடைமுறை மாறிவிடாது, ஃபைலில் பக்கத்தை மாற்றிய அன்றும் மாறிவிடாது. அந்த அக்காவின் பதில் மாறிய அன்றுதான் மாறும். நான் சொல்லப்போகிற எல்லாமே அதற்காகத்தான்.

முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் 2017-இல் எழுதிய பல ஃபைல்களில் மிக ஆபத்தான வரி இங்கேதான் இருக்கிறது. ‘புகார் வந்தால் செயலாளருக்குத் தெரிவிக்கவும், அவர் விசாரித்து முடிவெடுப்பார்’ என்று இருக்கும். உங்கள் ஃபைலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள், கமிட்டிக் கூட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கென்று 2012-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் மட்டுமில்லை, நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறவரும் சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. விசாரித்து உறுதி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் ஒருவர், தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. இது ஐயாவுக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. இதை ராத்திரி டியூட்டி அக்காவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் ‘நான் சொல்லி, அது தப்பாகப் போய்விட்டால் என் வேலை போயிடுமே’ என்ற பயத்தில்தான் பெரும்பாலும் விடியும்வரை தள்ளிப்போடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதும்போது அக்கா செய்ய வேண்டியதை அவர் செய்யும் வரிசையிலேயே எழுதுங்கள். பிள்ளையைத் தனியே விடக்கூடாது. தோண்டித் தோண்டிக் கேட்கக்கூடாது. ‘நீ சொன்னது நல்லது’ என்ற அளவில் நிறுத்தி, பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, நாகரிகமாக மாற்றாமல், நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். சம்பவம் அன்றைக்கே நடந்ததென்றால் குளிக்க வைப்பதோ துணியைத் துவைப்பதோ கூடாது. பெயர் சொல்லப்பட்ட ஆள் ஹோமிலேயே வேலை செய்கிறவர் என்றால் அவர் பிள்ளைகள் பக்கம் வராமல் பார்க்க வேண்டும், ஆனால் அவரை உட்கார வைத்து நீங்களே விசாரிக்கக்கூடாது. காவல்துறைக்கு போன், அடுத்து உங்களுக்கு போன். பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று ஆணையிடும் குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும், ஆனாலும் நீங்களும் தனியாகச் சொல்லிவிடுங்கள். வாக்குமூலம் வாங்க வருகிறவர்கள் சீருடையில் வரக்கூடாது, கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளராக இருக்க வேண்டும், பிள்ளை இருக்கும் இடத்துக்கே வர வேண்டும், ராத்திரியில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. இதெல்லாம் சட்டத்தில் இருப்பதே என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தால் கேட்டில் நின்று தைரியமாகப் பேசுவார்.

இதே போக்சோ சட்டத்துக்கு 2020-இல் புது விதிகள் வந்தன. பிள்ளைகள் தங்கும் எந்த நிறுவனமும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, தன்னிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரைப் பற்றியும் காவல்துறை சரிபார்ப்பைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. சேரும்போது ஒரு முறை வாங்கி ஃபைலில் குத்தினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாட்ச்மேன், வேன் டிரைவர் எல்லாம் அதில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எடுக்க வரும் கல்லூரி மாணவர்களையும் நான் சேர்ப்பேன், ஏனென்றால் பிள்ளைகளோடு தனியாக உட்காருகிறவர்கள் அவர்கள். 2017 ஃபைலில் இது இருக்கவே முடியாது.

அடுத்து உங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். திருவொற்றியூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டம். அந்த ஆண்டுதான் சென்னை மாவட்டம் விரிந்து திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் பக்கமெல்லாம் சென்னைக்குள் வந்தது. உங்கள் ஃபைல் 2017-ஐச் சேர்ந்தது. அப்படியென்றால் அதில் இருக்கும் குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஆட்சியர் அலுவலகம் எல்லாமே திருவள்ளூராக இருக்க வாய்ப்பு அதிகம்! போதாததற்கு 2022 தொடக்கத்தில் சென்னை மாநகரக் காவல்துறையைப் பிரித்து ஆவடி, தாம்பரம் என்று இரண்டு ஆணையரகங்கள் வந்தன. எண்ணூர், மணலிப் பக்கத்துக் காவல் நிலையங்கள் சில ஆவடிக்குக் கீழே போயின. ஆக, உங்கள் பிள்ளை எண்ணூரில் ஒரு பள்ளியில் படிக்கிறாள் என்றால் மாவட்டம் ஒன்று, காவல் ஆணையரகம் வேறொன்று. பிள்ளை திரும்பி வராத சாயங்காலத்தில் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பிள்ளைகள் போகும் ஒவ்வொரு பள்ளிக்கும் எந்தக் காவல் நிலையம் என்று நீங்களே நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். காணாமல் போன குழந்தை என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லியிருக்கிறது. ‘காலையில் வாங்க பார்க்கலாம்’ என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டாம் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது கேட்டைத் தட்டும் அப்பாவுக்கு, பதில் சுருக்கமானது. பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் ஆணையில் உங்களிடம் இருக்கிறாள், அவர்கள் ஆணையில்தான் வெளியே போவாள், நீங்களோ ஐயாவோ அனுப்ப முடியாது. மரியாதையாக, கதவைத் திறக்காமல் சொல்ல வேண்டும்.

இப்போது வாட்ஸ்அப். அதில் வருவதை இரண்டாகப் பிரியுங்கள். அரசாணை எண்ணோ அரசிதழ் அறிவிப்போ தேதியோ இல்லாத எதையும் நடைமுறைக்குக் கொண்டுவராதீர்கள், ஆனால் அழித்தும் விடாதீர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி ‘இது உண்மையா, எங்களுக்குப் பொருந்துமா’ என்று கேளுங்கள். போனில் கேட்டால் பதில் வரும், ஆனால் நாளைக்குக் காட்ட எதுவும் இருக்காது. எண்ணும் தேதியும் இருப்பதென்றால் அது சட்டமா, விதியா, திட்ட வழிகாட்டுதலா, துறையின் சுற்றறிக்கையா என்று பாருங்கள். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது, மாநில விதி இன்னும் பழையபடி இருக்கிறது என்றால் சட்டத்துக்கு முரணான விதி நிற்காது. ஒரு விஷயத்தில் மாநில அரசு விதி செய்யும்வரை ஒன்றிய அரசின் மாதிரி விதிகள் பொருந்தும், மாநிலம் செய்யும் விதியும் அவற்றோடு ஒத்துவர வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு சொல்கிறது. உங்களிடம் இருப்பது 2017-இன் தமிழ்நாடு விதிகளாக இருக்கும், அதன் பக்கத்தில் 2022-இல் திருத்திய மாதிரி விதிகளையும் வைத்துப் படியுங்கள்.

2017-க்குப் பிறகு உங்களைத் தொடும் பெரிய மாற்றங்களை மட்டும் சொல்கிறேன். 2021-இல் இளைஞர் நீதிச் சட்டம் திருத்தப்பட்டு 2022 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஹோம்களைப் பதிவு செய்வதிலும் கண்காணிப்பதிலும் மாவட்ட ஆட்சியரின் பங்கு அதில் கூடியது, தத்து ஆணை நீதிமன்றத்திலிருந்து ஆட்சியரிடம் போனது. உங்கள் பதிவுச் சான்றிதழின் தேதியையும் பாருங்கள், பதிவு ஐந்து வருடத்துக்குத்தான். 2022-இல் ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதல் வந்தது. அதன் பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு வரும் அழைப்பைக் கையாளும் பொறுப்பு மாநில அரசின் கைக்கு வந்து, அவசர உதவி எண்ணான 112-உடன் இணைந்தது. எண் அதேதான், ஆனால் பழைய சைல்டுலைன் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் பெயரும் செல் எண்ணும் உங்கள் ஃபைலில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றின் இடத்திலும் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. ஃபைலில் இ.பி.கோ. 354, சி.ஆர்.பி.சி. 154 என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் பழசு. உங்கள் துறையின் பெயரே சமூகப் பாதுகாப்புத் துறையிலிருந்து குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் என்று மாறிவிட்டது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதால்தான், செய்ய வேண்டிய காரியத்தை எழுதும் பக்கத்தில் சட்டப் பிரிவும் ஆள் பெயரும் போன் எண்ணும் போடாதீர்கள் என்கிறேன். காரியம் ஒரு பக்கம். பிரிவும் தேதியும் பின்னால் ஒரு தாளில். போன் எண்கள் தனியாக ஒரே ஒரு தாளில், மாதம் ஒரு முறை ஒவ்வொரு எண்ணுக்கும் அடித்துப் பார்த்த பிறகு கையெழுத்தோடு.

நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. வழிகாட்டுதல் மாறுவது என்றால் ஹோமுக்கு ஏதோ புது ரிஜிஸ்டர் என்றே நாம் பழகிவிட்டோம். சில மாற்றங்கள் ஒரு பிள்ளையை வீட்டுக்கே அனுப்பிவிடும். மிஷன் வாத்சல்யாவில், பிள்ளை குடும்பத்தோடு இருந்து வளரத் தரும் நிதி ஆதரவுத் தொகை மாதம் 2000 ரூபாயிலிருந்து 4000 ஆனது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் என்று மாதம் 2000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்க்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் 18 வயதுவரை அது கிடைக்கும். 2024-இன் வளர்ப்புப் பராமரிப்பு (தத்தெடுக்காமல் ஒரு குடும்பத்தில் வைத்து வளர்ப்பது) வழிகாட்டுதலில் தனி நபரும் வளர்க்க விண்ணப்பிக்கலாம் என்று வந்தது, வளர்த்த குடும்பமே தத்தெடுக்கக் காத்திருக்கும் காலம் ஐந்து வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பாட்டி, ‘என்னால் சோறு போட முடியல, படிக்க வைக்க முடியல’ என்று பேத்தியை மூன்று வருடத்துக்கு முன் உங்களிடம் விட்டிருந்தால், அந்தக் காரணம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறதா என்று யாராவது திரும்பப் பார்த்தார்களா? 30 பிள்ளைகளின் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தையும் எடுத்து, ஏன் இந்தப் பிள்ளை இங்கே இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வறுமை மட்டுமே காரணம் என்றால் குழந்தைகள் நலக் குழுவின் முன் எடுத்துப் போங்கள். 18 நெருங்கும் பெண்களுக்கு, ஹோமை விட்டுப் போன பிறகு தரும் பிற்காப்பு உதவி என்ன உண்டு என்று அவர்களுக்கே சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

பிறந்தநாள் சாப்பாடு போட வருகிறவர்கள் பற்றி ஃபைலில் என்ன இருக்கிறது? நம் ஊரில் இது நல்ல பழக்கம், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஹோம் பெயரோடு ரீல்ஸ் போடுவது கூடாது. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கேட்டுக்குள் வரும்போதே செல்போனை வாங்கி வைக்கும் நடைமுறையை எழுதி, வாசலிலேயே தமிழில் ஒட்டிவிடுங்கள், அப்போது நன்கொடையாளரிடம் நேரில் சொல்லும் சங்கடம் அக்காவுக்கு இருக்காது.

அவசர நேரத்துக்கான பக்கங்களும் பழசாகத்தான் இருக்கும். 2020 ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொரோனாவில் காப்பகங்கள் என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஜூனில் ராயபுரம் அரசு காப்பகத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று என்று அதே நீதிமன்றம் தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது. அங்கே இருந்தவர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை, ஒரு உத்தரவு ஹோமின் படுக்கை வரிசைவரை வந்து சேர எவ்வளவு நேரம் நமக்குக் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ரிஜிஸ்டர்களை எந்த மாடிக்கு ஏற்றுவது, பிள்ளைகளை எங்கே மாற்றுவது, மாற்றினால் குழந்தைகள் நலக் குழுவுக்கு யார் சொல்வது என்று அக்டோபருக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

எழுதியதை எப்படி வைத்துக்கொள்வது? ஒரு நீள நோட்டு போதும். எந்த ஆணை, எந்தத் தேதி வந்தது, நம் நடைமுறையில் எந்தப் பக்கம் மாறியது, யார் யாருக்குச் சொன்னோம், அவர்கள் கையெழுத்து. ‘படித்தேன்’ என்று கையெழுத்து வாங்காதீர்கள், வாயால் சொல்லச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி இருக்கட்டும். சமையல் அறையிலும் வார்டன் ரூமிலும் ஒட்டியிருக்கும் பழைய ஜெராக்ஸை நீங்களே கையால் கிழித்து எடுங்கள், ஆனால் ஃபைலில் இருக்கும் பழைய மூலப் பக்கத்தை மட்டும் அழிக்காதீர்கள். குறுக்கே கோடு போட்டு, எந்த நாள்வரை அது நடப்பில் இருந்தது என்று எழுதித் தனி ஃபைலில் வையுங்கள். மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் ‘அன்றைக்கு உங்கள் ஹோமில் நடைமுறை என்ன’ என்று கேட்டால் அதுதான் பதில். எல்லாம் தமிழில் இருக்கட்டும். ராத்திரி டியூட்டிக்கு வருகிறவர் தெலுங்கு மட்டும் படிப்பவர் என்றால் அவருக்குத் தெலுங்கில். இந்தியோ ஒடியாவோ மட்டும் பேசும் பிள்ளை உங்களிடம் வந்து சேர்ந்தால் யாரைக் கூப்பிட்டுப் பேச வைப்பது என்பதும் அந்தப் போன் தாளில் இருக்க வேண்டும், மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைய.

பிள்ளைகளையும் கேளுங்கள். குழந்தைகள் குழு என்று விதியிலேயே இருக்கிறது, மாதம் கூட வேண்டும், வயதுவாரியாகத் தனித்தனியாக. அதில் ‘உனக்கு யாராவது தொந்தரவு கொடுத்தால் யாரிடம் சொல்வாய்’ என்று ஒரே ஒரு கேள்வியை வையுங்கள். பத்துப் பேர் பத்துப் பதில் சொன்னாலோ, எல்லோரும் பேசாமல் இருந்தாலோ, அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். புகார்ப் பெட்டி ஆபீஸ் வாசலில் இருந்தால் இடம் மாற்றுங்கள், சாவி உங்களிடமோ ஐயாவிடமோ இருக்கக்கூடாது.

கடைசியாக ஐயா. அவர் 2017-இல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றால் அக்கறை உள்ளவர். அந்த ஆண்டு மே மாதம்தான் உச்ச நீதிமன்றம், மாமல்லபுரம் பக்கத்து அநாதை இல்லங்கள் பற்றிய செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கில், எல்லா இல்லங்களும் பதிவு செய்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பல ஹோம்களில் எழுத்தில் எதுவுமே இல்லாத காலம் அது. அவரிடம் ஃபைல் தப்பு என்று போகாதீர்கள். ‘ஐயா, நீங்க எழுதினதுக்கு அப்புறம் இத்தனை சட்டம் மாறியிருக்கு, இதில் உங்க கையெழுத்தும் என் கையெழுத்தும் வேணும்’ என்று, மாற்றிய மூன்று பக்கத்தை மட்டும் எடுத்துப் போங்கள், முழு ஃபைலையும் இல்லை. பெரும்பாலானவர்கள் இதற்கு மகிழ்ச்சியாகவே ஒத்துக்கொள்வார்கள். ஆனால் ‘எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்லு, போலீஸ் அப்புறம்’ என்பதில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தால் நீங்கள் இறங்கிப் போகாதீர்கள். போக்சோவின் 19, 21 பிரிவுகளைச் சொல்லி, இந்த வரியை நான் பின்பற்ற மாட்டேன் என்று அறக்கட்டளைக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ஒரு நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள்.